ஓ.எஸ். மாற்ற மாட்டேன்

ஜூன் 3, திங்கள்

இந்த வருட டைரியில் கோடுகள் கோணலாக இருக்கின்றன. தாளின் நடுவுக்கு வரும்போது ஒவ்வொரு கோடும் கொஞ்சம் குழிந்து, மறுபடி மேலே ஏறுகிறது. ஜனவரியில் நான் கவனிக்கவில்லை. முப்பது வருடமாக அச்சுத்தொழிலில் இருப்பவள் தலையில் இப்படி ஒரு டைரியைக் கட்டியிருக்கிறான் பேப்பர் ஸ்டோர்காரன். அடுத்த வருடம் வேறு கடைதான்.

அதைவிடப் பெரிய தலைவலி என் கடையில். கம்ப்யூட்டர் திரையிலும் கோடு வளைகிறது. பஸ் நேரப் புத்தகத்துக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். தொண்ணூற்றாறு பக்கம், பக்கத்துக்கு முப்பது வரி. மேலிருந்து கீழே இறங்குகிற கோடு பாதி வழியில் வயிறு தள்ளி நிற்கிறது. எண்களுக்கு நடுவே ஒரு அழுக்கு வேறு. துணியால் துடைத்தேன், ஸ்பிரிட் போட்டும் துடைத்தேன், போகவில்லை.

ஜூலை முதல் தேதி புத்தகம் பஸ் ஸ்டாண்டில் இருக்கவேண்டும். பேப்பர் கடை இசக்கியப்பன் அண்ணாச்சி பதினெட்டு வருடமாக அதை விற்கிறார். டிப்போவில் நேரப் பட்டியல் வாங்கி வருவது என் வீட்டுக்காரர் வேலை, கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற எல்லாம் நான். புரூஃப் பார்ப்பதும் நான்தான். இந்த டார்கஸ் பார்த்தால் வேறு யாரும் பார்க்கவேண்டியதில்லை என்பது பாளையங்கோட்டை முழுக்கத் தெரிந்த விஷயம். கல்யாணக் கார்டு கொடுக்க வருகிறவர்கள்கூட புரூஃபைப் பிரிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

மைதீனுக்குப் போன் செய்தேன். கம்ப்யூட்டரைப் பார்க்கப் புதன்கிழமை வருகிறானாம்.

ஜூன் 5, புதன்

புது மானிட்டர் வந்தாயிற்று. மைதீன் மேலப்பாளையத்துக்காரன், நாற்பது வயது, பதினைந்து வருடமாக என் கம்ப்யூட்டருக்கு அவன்தான் வைத்தியன். வாய் அதிகம், ஆனால் கை சுத்தம்.

பழைய மானிட்டரில் கோடு நேராகத்தான் இருக்கிறது என்று முதலில் வாதாடினான். மேஜையிலிருந்து ஸ்கேலை எடுத்துத் திரையில் ஒட்டவைத்துக் காட்டினான். ஸ்கேலும் வளைந்திருந்தது. பிளாஸ்டிக் ஸ்கேல், ஜன்னல் வெயிலில் கிடப்பது, வளையத்தான் செய்யும். அதைச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி, மாற்றிவிடுவோம் என்றான்.

மாற்றிய பிறகும் கோடு அப்படியேதான். அப்படியானால் உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டுதான் காரணம். இதைக் கண்டுபிடித்தது நான், அவன் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

வாசல் நிலையும் வளைந்திருக்கிறது. ஆசாரியை வரச் சொல்லவேண்டும்.

ஜூன் 10, திங்கள்

கார்டு மட்டும் மாற்றினால் போதும் என்றேன். பழைய போர்டுக்குப் புதுக் கார்டு சேராது என்றான் மைதீன். செய்வதை முழுதாகச் செய் என்று சொல்லிவிட்டேன். மதர்போர்டு, பிராசசர், மெமரி எல்லாம் புதுசு. பழைய ஹார்டு டிஸ்கில் இருந்ததை அப்படியே ஒரு புது டிஸ்கில் ஏற்றினான். பொத்தானை அமுக்கியதும் திரை கறுப்பாகவே கிடந்தது. மூன்று முறை தானாக அணைந்து எழுந்தது. நாலாவது முறை என் பழைய திரை, என் ஃபோல்டர்கள், எல்லாம் இருந்த இடத்திலேயே வந்து நின்றன. எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது.

அட்டவணையைத் திறந்தேன். கோடு வளைந்தே இருந்தது.

மைதீன் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான். “எக்கா, போர்டு புதுசு, ஓ.எஸ். பழசு. பழைய போர்டுக்கு உள்ள டிரைவரெல்லாம் இன்னும் உள்ள கெடக்கு. ஃபார்மேட் அடிச்சு ஓ.எஸ்.ஸ புதுசா போட்டிருவோம். இல்லன்னா மக்கர் பண்ணிக்கிட்டேதான் கெடக்கும்.”

ஓ.எஸ். என்பது கம்ப்யூட்டரையே ஓட்டுகிற அடிப்படை மென்பொருள்; அதை அழிக்க முடியாது என்றேன். ஏன் முடியாது என்பதையும் சொன்னேன். நான் பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேர் இருபது வருடத்துப் பழசு, அதன் சிடி எலி கடித்துப் போயிற்று. என் தமிழ் எழுத்துகள் இப்போது எல்லோரும் போனில் அடிக்கிற எழுத்துகள் இல்லை. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் என் ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும். கீபோர்டு நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்த அமைப்பு, அதிலும் நாலு கீயை என் வசதிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் இதெல்லாம் யார் கொண்டுவந்து தருவார்கள்? உங்கப்பாவா என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டுக் கிளம்பினான்.

எதற்கெடுத்தாலும் ஃபார்மேட். கோளாறு என்னவென்று கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் சொல்கிற வார்த்தை அது.

ஜூன் 11, செவ்வாய்

இரண்டு முறை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மைதீனிடம் சொல்லப்போவதில்லை.

ஜூன் 12, புதன்

என் வீட்டுக்காரர் கடைப்பக்கமே வரமாட்டார். வீட்டின் முன்னறைதான் கடை என்றாலும் அந்தக் கதவைத் தாண்டுவது என்றால் இவருக்கு வெளியூர்ப் பயணம் மாதிரி. இன்றைக்குக் காப்பியை எடுத்துக்கொண்டு தானே வந்தார். டம்ளரை என் வலது பக்கம் வைத்துவிட்டு, மைதீன் சொல்வதுபோல் ஃபார்மேட் பண்ணிவிடலாமே என்றார்.

போனில் அலாரம் வைக்கவே என்னைக் கூப்பிடுகிற மனிதர். ஃபார்மேட் என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டேன். அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது என்றார். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றேன். டம்ளரை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். மைதீனும் இவரும் சந்தையில் பார்த்துப் பேசியிருக்கிறார்கள் போல.

“அடிச்சுத்தான் பாப்போமே. அதுக்குப் பொறவும் சரியாகலன்னா அப்ப வேற யோசிக்கலாம்லா,” என்றார்.

வேறு என்ன யோசிப்பதாம்? பஸ்ஸில் விசில் அடிக்கிற வேலையில் நான் மூக்கை நுழைத்தேனா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். காப்பி பாதி மேஜையில் கொட்டிவிட்டது. இந்த மேஜையும் சமமாக இல்லை.

ஜூன் 14, வெள்ளி

மைதீன் கூப்பிடாமலே வந்தான். நான் சொன்ன காரணம் ஒவ்வொன்றுக்கும் மாற்று வழியோடு வந்திருக்கிறான்.

பழைய டிஸ்கைத் தொடப்போவதில்லையாம். அதைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு என் கையிலேயே தந்துவிடுவானாம். புதுசு பிடிக்கவில்லை என்றால் பழையதை மாட்டிக்கொள்ளலாம். ஃபான்ட் நூற்றிருபத்துநாலையும் பென் டிரைவில் எடுத்துத் தன் லேப்டாப்பில் போட்டு, என் போன வருடப் புத்தகத்தைத் திறந்து காட்டினான். ஒரு எழுத்து பிசகவில்லை. சிடி இல்லாத சாஃப்ட்வேரையும் எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறான். என் கீபோர்டு அமைப்பையும் மாற்றி வைத்த நாலு கீயோடு கொண்டுவந்துவிட்டான். “அடிச்சுப் பாருங்கக்கா” என்றான். பாளையங்கோட்டை என்று அடித்தேன். பாளையங்கோட்டை என்றே வந்தது.

உண்மையைச் சொன்னால் பிரமாதமான வேலை. அதை அவனிடம் சொல்லவில்லை. புத்தகம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். அரை நாள் வேலைதானே என்றான். அரை நாள்கூட என்னால் தரமுடியாது என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

ஜூன் 15, சனி

குழம்புக்கு மிளகாய் கிள்ளிய கையோடு இடது கண்ணைத் தேய்த்துவிட்டேன். தண்ணீர் அடித்தும் எரிச்சல் அடங்கவில்லை. முந்தானையைச் சுருட்டி அந்தக் கண்ணில் பொத்திக்கொண்டே கடையில் வந்து உட்கார்ந்தேன்.

திரையில் எல்லாக் கோடும் நேராக இருந்தது. அழுக்கும் இல்லை.

முந்தானையை எடுத்தேன். மறுபடி பொத்தினேன். பிறகு மற்ற கண்ணைப் பொத்தினேன்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனபோது பாட்டுப் புத்தகம் கொண்டுபோகவில்லை. எனக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம்.

ஜூன் 17, திங்கள்

மைதீன் பையும் கையுமாக வந்து நின்றான். இவர்தான் வரச் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்காமல் என் கடைக்கு ஆள் வரச் சொல்ல இவர் யார்? இருவரையும் சேர்த்து வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். இனிமேல் ஃபார்மேட் என்கிற வார்த்தை என் காதில் விழக்கூடாது. ஓ.எஸ். மாற்ற மாட்டேன். இந்தக் கம்ப்யூட்டர் என்னோடது, இந்தக் கடை என்னோடது, கோடு வளைந்தால் வளைந்துவிட்டுப் போகட்டும், அதுவும் என்னோடது.

மைதீன் பாவம், தலையைக் குனிந்துகொண்டு பையை எடுத்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது இவர் அவன் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார்.

மானிட்டர் மாற்றியாயிற்று. போர்டு மாற்றியாயிற்று. ஓ.எஸ்.ஸும் மாற்றிய பிறகு கோடு வளைந்தால் அடுத்து எதைக் குற்றம் சொல்வது? எதையாவது ஒன்றை மிச்சம் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா?

மத்தியானம் முழுக்க ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தேன். கழுத்து வலிக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

இசக்கியப்பன் அண்ணாச்சி வந்தார். அவர் கடையை விட்டு எழுந்து என் கடைக்கு வருவது வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவர. கையில் ஒரு ஒற்றைத் தாள். மே மாதம் மலையடிவார ஊர்களுக்கு பஸ் நேரம் மாறியபோது, புத்தகம் வரும்வரைக்கும் உபயோகப்படட்டும் என்று நான் அடித்துக் கொடுத்த தாள். ஊர் ஊருக்கு டீக்கடைகளில் ஒட்டியிருந்தார்கள்.

கீழப்பொத்தையிலிருந்து முதல் பஸ் 5.40 என்று போட்டிருந்தேன். டிப்போ பட்டியலில் 5.10.

அந்த ஊரில் பிரம்மசக்தி என்று ஒரு பெண். இந்த மாதம் முதல் ஞாயிறு அரசாங்க வேலைக்குத் தேர்வு எழுத வரவேண்டியவள். பாதையில் ஐந்தே காலுக்கு வந்து நின்றிருக்கிறாள், இருபத்தைந்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம் என்று நிம்மதியாக. பஸ் போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த பஸ் ஏழரைக்கு. டவுனுக்கு வந்து சேரும்போது மணி ஒன்பதேகால். தேர்வு மையத்தின் கேட்டை ஒன்பதுக்கே பூட்டிவிட்டார்கள். இரண்டு வருடம் படித்திருக்கிறாள்.

அண்ணாச்சி என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. “நீங்க போட்டதுல தப்பு வராதே டார்கசம்மா, டிப்போல குடுத்ததே தப்பா இருக்குமோ?” என்று எனக்காகக் காரணம் தேடினார்.

கம்ப்யூட்டர் கோளாறு என்று சொன்னேன். போர்டு எல்லாம் மாற்றியாகிவிட்டது, ஃபார்மேட் அடித்து ஓ.எஸ். புதிதாகப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

“அப்பம் சீக்கிரம் அடிச்சிருங்கம்மா. பொஸ்தகத்துல இப்படி வந்திரக் கூடாது பாத்துக்கிடுங்க.”

அவர் போன பிறகு டிப்போ பட்டியலை எடுத்தேன். இடது கண்ணைத் திறந்து பார்த்தால் 5.10-இல் உள்ள ஒன்று நெளிந்து நாலாக நிற்கிறது. மூடினால் ஒன்று. நாற்பது பக்கம் ஏற்கெனவே அடித்து முடித்திருக்கிறேன். அதில் எத்தனை நாலு ஒன்றாகவும் எத்தனை ஒன்று நாலாகவும் கிடக்கிறதோ.

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 19, புதன்

காலையில் நானே மைதீனுக்குப் போன் செய்தேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டான். ஓ.எஸ். போடுகிற பென் டிரைவைச் செருகி, இவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டான். இவர் நடுக்கதவில் சாய்ந்து நின்றார்.

“வேண்டாம் தம்பி,” என்றேன். “மெசின்ல ஒரு கோளாறும் இல்ல. எனக்குத்தான் கண்ணு தெரியல.”

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. மைதீன் பென் டிரைவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “தெரியும்க்கா” என்றான்.

தெரியுமாம். ஸ்கேல் வளைந்திருக்கிறது என்று நான் சொன்ன அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் உம்மாவுக்கும் இதேதானாம். நேராக இவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். இவருக்கு அதற்கு முன்பே தெரியும். மார்ச் மாதம் குருத்தோலை ஞாயிறு அன்றைக்கு நான் டம்ளருக்குப் பக்கத்தில் காப்பியை ஊற்றியதைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து எல்லாவற்றையும் என் வலது பக்கமாகவே வைத்து வந்திருக்கிறார். நான் கவனிக்கவே இல்லை.

பிறகு ஏன் எல்லோரும் ஃபார்மேட் ஃபார்மேட் என்று தலையைத் தின்றீர்கள் என்று கேட்டேன்.

இவர்தான் பதில் சொன்னார். “ஏளா, உன் கண்ணுல கோளாறுன்னு சொன்னா நீ என் கண்ண நோண்டிருவ. ஓ.எஸ்.ஸும் மாத்திட்டா மெசின்ல மாத்த ஒண்ணும் இருக்காது. அப்பம் நீயா ஆஸ்பத்திரிக்குப் போவன்னு நெனச்சோம்.”

ஒரு கண்டக்டரும் ஒரு மெக்கானிக்கும் சேர்ந்து எனக்கு வலை விரித்திருக்கிறார்கள். அந்த வலையைத்தான் பத்து நாளாக நான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தப் பெண்ணுடைய தாளை எடுத்து இவர் முன்னால் போட்டேன். குருத்தோலை ஞாயிற்றிலிருந்து தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்களே, மே மாதம் இதை அடிக்கும்போதாவது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை வாசித்திருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

இவர் தாளைப் பார்த்தார். அந்த 5.40 மேல் விரலை வைத்தார். முப்பது வருடம் அந்தப் பாதையில் டிக்கெட் கிழித்த மனிதர். “எனக்கும் பயமா இருந்துச்சு டார்கஸ்,” என்றார்.

அதற்குமேல் நான் சண்டை போடவில்லை. எனக்கு எவ்வளவு பயமோ அவ்வளவும் இவருக்கும் இருந்திருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். துணைக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். வலை விரித்ததற்குத் தண்டனை.

டாக்டர் எனக்கு மகளாக இருக்கவேண்டிய வயதுப் பெண். கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னாள். இடது கண்ணில் நடுக்கட்டங்கள் கசங்கி இருந்தன, நாலைந்து கட்டத்தைக் காணவே காணோம். அச்சு சரியில்லை என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

விழித்திரையின் நடுவில் கசிவு. மாதத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி, கண்ணுக்குள்ளேயே. அதற்குப் பிறகு தேவைப்பட்டால் இன்னும். கசிவு நிற்கும், ஆனால் போன பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்லமுடியாது. வலது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. எப்போதிலிருந்து இப்படித் தெரிகிறது என்று கேட்டாள். மூன்று மாதமாக என்றேன். ஏன் வரவில்லை என்றாள்.

“மெசின மாத்திக்கிட்டு இருந்தேன்,” என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

முதல் ஊசி இன்றைக்கே போட்டார்கள். வலி அவ்வளவாக இல்லை. ஊசி கண்ணுக்கு நேரே வரும்போது எனக்கு வந்த பயம்தான் பெரிது. கையைப் பிடிக்க ஆள் இல்லாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். வீண் வீம்பு பிடித்து இவரை விட்டுவிட்டு வந்தது தப்பு என்று அப்போது தோன்றியது. வெளியே வந்தால் மருந்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த பஸ்ஸிலேயே பின்னால் வந்திருக்கிறார்.

ஜூன் 22, சனி

கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஓய்வெடு என்றார்கள். நான் கீழப்பொத்தைக்குப் போனேன். இவரும் கூட வந்தார், இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிரம்மசக்தி வீட்டு வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயதிருக்கும். நான் யாரென்று சொன்னதும் அவள் அம்மா உட்கார நாற்காலி போட்டு, கம்ப்யூட்டர் தப்பாகப் போட்டுவிட்டது என்று அண்ணாச்சி சொன்னார், நீங்கள் என்ன செய்வீர்கள் பாவம் என்றாள்.

நான் நாற்காலியில் உட்காரவில்லை. கம்ப்யூட்டர் இல்லை, நான்தான் என்றேன். கண்ணில் கோளாறு இருப்பதைப் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன், அதனால்தான் தப்பு வந்தது என்றேன். அந்தப் பெண் சுற்றிக்கொண்டிருந்த பீடியைத் தட்டில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், ஏசுவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை.

“இப்பச் சொன்னத அச்சுல போடுங்க. பரீட்ச நடக்குற எடத்துல கேட்ட மூடுனப்ப, பஸ் நேரம்கூடத் தெரியாம என்ன படிச்சன்னு எல்லாருக்கும் முன்னாடி கேட்டாங்க,” என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அந்த வாசகத்தை மனதுக்குள் அடித்துப் பார்த்தேன்.

ஜூன் 24, திங்கள்

மைதீனை வரச் சொல்லி, ஃபார்மேட் அடி என்றேன். அவன் இவரைப் பார்த்தான், இவர் என்னைப் பார்த்தார். இன்னொரு வலையா என்று இருவருக்கும் சந்தேகம்.

கம்ப்யூட்டர் உறைந்து நிற்பது உண்மை என்றேன். பதினோராம் தேதியிலிருந்து தினமும் நிற்கிறது, உன்னிடம் மறைத்துவிட்டேன். புதுப் போர்டில் பழைய ஓ.எஸ். ஒட்டவில்லை, நீ சொன்னதுதான் சரி. கண்ணுக்காகச் சொன்னாலும் கம்ப்யூட்டருக்கும் அது சரியாகத்தான் இருக்கிறது. மைதீன் இருபது தடவையாவது அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருப்பான். பழைய டிஸ்கைக் கழற்றி டப்பாவில் போட்டு என் கையில் தந்தான்.

மூன்று மணி நேரம் ஆயிற்று. ஃபான்ட், சாஃப்ட்வேர், கீபோர்டு எல்லாம் ஏற்றினான். எழுத்துகளையும் அம்புக்குறியையும் பெரிதாக்கி வைத்தான். புது மானிட்டர், புதுப் போர்டு, புது ஓ.எஸ். பொத்தானை அமுக்கியதும் பத்து விநாடியில் எழுந்து நின்றது. அட்டவணையைத் திறந்தேன். மைதீன் மூச்சை அடக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தான்.

கோடு வளைந்துதான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.

அடித்து முடித்த நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து சரிபார்க்கிறோம். இவர் டிப்போ பட்டியலை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார், கண்டக்டர் குரலில், ஒவ்வொரு ஊரையும் இறங்கவேண்டியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பதுபோல. இன்ஸ்டிடியூட்டில் கீபோர்டைத் துணியால் மூடி வைத்து அடிக்கப் பழகியவள் நான். விரல்களுக்குக் கண் தேவையில்லை. அடித்ததைப் பிறகு இவர் வாசிக்க, நான் பட்டியலோடு வலது கண்ணால் ஒப்பிடுகிறேன். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பக்கம். ஏழு தப்பு. ஏழும் என் தப்பு.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டேன். இசக்கியப்பன் அண்ணாச்சிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். இதைப் படித்தால் புத்தகத்தை யார் வாங்குவார்கள், வேண்டாம் என்று கெஞ்சினார். இது இல்லாவிட்டால் புத்தகமே இல்லை என்றேன். கடைசியில், போடுங்கள் என்றார்.

கட்டத்துக்குள் இருப்பது இது:

மே மாதம் வெளியான நேரத் தாளில் கீழப்பொத்தை முதல் பஸ் 5.40 என்று இருந்தது தவறு. சரியான நேரம் 5.10. அதை நம்பித் தேர்வை இழந்தவர் மீது எந்தத் தவறும் இல்லை. கணினி மீதும் இல்லை. என் கண்ணில் குறை இருப்பதை மறைத்து வேலை பார்த்தேன். இந்தப் புத்தகத்தை இரண்டு பேர் சரிபார்த்திருக்கிறோம்.

ஜெ. டார்கஸ், பாளையங்கோட்டை.

பெயரும் போடவேண்டுமா என்று இவர் கேட்டார். பதினெட்டு வருடத்தில் இந்தப் புத்தகத்தில் என் பெயர் அச்சாவது இதுதான் முதல் தடவை. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.